இரவல் மூச்சு

இந்தக் கதை நடக்கும்போது உங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும், மீதிப் பேருக்கு நரைக்க முடியே இருக்காது. கார் தானே ஓடும், கடிதத்தைத் தானே எழுதித் தானே பதில் போட்டுக்கொள்ளும் பெட்டிகளெல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் இறால் உரிக்கப் பெண்கள்தான் வேண்டியிருந்தது. இயந்திரம் உரித்தால் வால் நுனி அறுந்துவிடுகிறதாம், வாலில்லாத இறாலை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டானாம். அதனால் தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருந்த அந்த ஏற்றுமதிக் கம்பெனியில் பெண்கள் ஐஸ் தண்ணீரில் நின்றபடி இறால் உரித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், உள்கூடத்தில் இருந்த இருபத்துமூன்று பேரில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். ஜெசிந்தா சாகவில்லை. அவளுக்கு அதுவே நோயாகிப்போனது.

குளிரூட்டும் குழாயில் அம்மோனியா கசிந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு சாக்கடைக் குழியோரம் குப்புறப் படுத்தவர்கள் பிழைத்தார்கள், கதவை நோக்கி ஓடியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். காவலாளி இருளப்பன் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தான். நெஞ்செல்லாம் வெந்துபோய் இரண்டாம் நாள் அவனும் போனான். பூட்டியது யார் என்ற கேள்விக்கு மேஸ்திரி சொர்ணவேல் போலீசில் ஒரே பதில்தான் சொன்னார்: சாவி இருளப்பனிடம்தான் இருந்தது. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பூட்டியதைக் கண்ணால் பார்த்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். கதவில் சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவள் பார்த்தாள். வழக்கு முழுக்க அவள் வாயில் தொங்கியது. இரண்டு தடவை சாட்சிக் கூண்டில் ஏறினாள், இரண்டு தடவையும் "கதவு" என்ற சொல் வந்ததும் தொண்டை அடைத்து, கை விறைத்து, கூண்டிலேயே சரிந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் பாவம் பார்ப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே, இந்தச் சாட்சியை விட்டுவிடலாம் என்று மனுப் போட்டார். நீதிபதி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார், ஆறு மாதம் தள்ளி.

ஆறு மாதத்துக்குள் அவள் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விபத்து நடந்த புதிதில் நிவாரண முகாமுக்கு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து தியானம் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷர். "உள்ளே போகிற மூச்சை மட்டும் கவனியுங்கள், தாயே" என்றார். ஜெசிந்தா கவனித்தாள். உள்ளே போன மூச்சில் அம்மோனியா நெடி அடித்தது. தண்ணீர்ப் பானையை உருட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். ஊருக்கெல்லாம் மருந்தானது அவளுக்கு விஷம். அதன்பிறகு மூன்று வருஷம் அவள் கதவைச் சாத்திக் குளித்ததில்லை. புருஷன் மிக்கேல் ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குளியலறைக்குக் காவல் நிற்பான்.

இந்த நிலைமையில்தான் அவளை மனநல மையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஷாஜிதா என்றொரு பெண் இருந்தாள். காயல்பட்டினத்துக்காரி, முப்பது வயது, எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்து பேசுகிறவள்.

"உங்க மூச்ச நீங்க கவனிக்கவே வேண்டாம்க்கா," என்றாள். "இன்னொருத்தர் மூச்ச கவனிங்க."

அரிசிப் பை அளவுக்கு ஒரு ரப்பர்ப் பையை மடியில் வைத்தாள். உடம்புச் சூடு இருந்தது. மெல்ல உப்பி, மெல்ல வடிந்தது. ஊரில் எங்கோ ஒருவர் மார்பில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் விடும் மூச்சு அந்தக் கணமே இந்தப் பைக்கு வந்துவிடும். அவர் யாரென்று நோயாளிக்குத் தெரியாது, நோயாளி யாரென்று அவருக்குத் தெரியாது, ஷாஜிதாவுக்கே இரண்டு பக்கமும் நம்பர்தான் தெரியும். மானம் மரியாதையைக் காப்பாற்ற அப்படியொரு சட்டம்.

பதிவு செய்து போட்டால் ஆகாதா என்று மிக்கேல் கேட்டான். போட்டுப் பார்த்தோம், உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது என்றாள் ஷாஜிதா. "நீங்க பயந்தா அவங்க மூச்சு கொஞ்சம் மெதுவாகணும். பதிவு பண்ணது உங்களுக்காக மெதுவாகுமா? அதுக்குத்தான் உங்க மூச்சுலயும் ஒரு பங்கு அவங்க பட்டைக்குப் போகுது. பத்துல ஒரு பங்கு. பைக்கு அடியில ஒரு திருகு இருக்கு பாருங்க, அதத் திருப்பினா கூடும். நீங்க தொட வேண்டாம்."

முப்பத்துநான்கு பேர் மூச்சை இயந்திரம் பொருத்திப் பார்த்தது. முப்பத்துமூன்று பேரோடு ஒட்டவில்லை. அறுபத்தொன்றாம் நம்பர் மூச்சோடு மட்டும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். தன் கல்யாணத்துக்கே ஐந்துதான் தேறியது என்று ஷாஜிதா சொல்ல, ஜெசிந்தா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம். முதல் வாரம் பையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறாம் வாரம் ஒரே தூக்கமாய் ஐந்து மணி நேரம் தூங்கினாள். ஒன்பதாம் வாரம் குளியலறைக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டாள். வெளியே காவல் நின்ற மிக்கேலுக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவன் ஆட்டோவில் போய் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஜெசிந்தா அந்த அறுபத்தொன்றை ஒரு பெண்ணாகவே நினைத்துக்கொண்டாள். ஐம்பது வயசு, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஓய்ந்தவள். அவள் மூச்சில் ஒரு விசித்திரம் இருந்தது. எப்போதாவது மூன்று எண்ணும் நேரம் அப்படியே நிற்கும். பிறகு இரண்டு தவணையாக வெளியே வரும், முதலில் சின்னதாக, அப்புறம் பெரிசாக. அது நிற்கும்போது ஜெசிந்தாவுடைய மூச்சும் நிற்கும். பெரிசாக விடும்போது இவளுக்கும் உடம்பு தளரும். இவ்வளவு அந்நியோன்யம் கூடப்பிறந்தவளிடம்கூட அவளுக்கு இருந்ததில்லை. ஒரு தடவை மாதாகோயிலில் பெயர் தெரியாத அவளுக்காக மெழுகுவத்தி கொளுத்தினாள்.

நாலாம் மாதம் மீன் வாங்கப் போனாள். கடைக்காரி சாளையைத் தராசில் போட்டாள். தட்டில் எண்கள் ஓடி ஓடி ஒரு நிலைக்கு வந்தன. எண் நிற்கும்வரை தன் மூச்சு நின்றிருந்ததை ஜெசிந்தா கவனித்தாள். ஏன் நின்றது?

இறால் கம்பெனித் தராசு படு நுணுக்கமானது. பக்கத்தில் ஒருத்தி பெருமூச்சு விட்டாலும் எண் ஆடும். அதனால் எடைபோடும்போது சொர்ணவேல் தட்டுக்காரிக்குப் பின்னால் வந்து நின்று கையைத் தூக்குவார். வரிசையில் எல்லோரும் மூச்சைப் பிடிக்க வேண்டும், அவரும் பிடிப்பார். எண் நின்றதும் மூக்கால் சின்னதாக ஒன்று, பிறகு வாயால் பெரிசாக ஒன்று விடுவார். அந்தப் பெரிய மூச்சு பிடரியில் பட்டால் தட்டு நகரலாம் என்று அர்த்தம். நாலு வருஷம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் உடம்பு அந்த ஆளுடைய மூச்சுக்கு நின்று, அவனுடைய மூச்சுக்கு நகர்ந்து பழகியிருந்தது. பொருத்தம் ஏன் பத்துக்கு ஒன்பது வராது? இயந்திரம் தப்புச் செய்யவில்லை. பெயரை மறைத்துவிட்டு மூச்சை மட்டும் கொடுத்தால் அது வேறென்ன செய்யும்!

அவள் மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

சந்தேகத்துக்கு யாரையும் தண்டிக்கிறவள் அல்ல ஜெசிந்தா. மூச்சு கொடுக்க வாருங்கள் என்று அழைக்கும் பலகை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது, அதன் பின்னால் இருந்த மாடியில்தான் பட்டை கட்டுவார்கள். மறுநாள் காலை பையை வீட்டில் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் முக்காட்டோடு நின்றாள். ஏழு மணிக்குக் கால்மணி இருக்கும்போது சொர்ணவேல் வந்தார். ஜாமீனில் இருக்கும் மனுஷர், ஆள் பாதியாக இளைத்திருந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் போல மேலே ஏறினார். ஏழரைக்கு ஷாஜிதா போனில் கூப்பிட்டு, ஏன் உட்காரவில்லை, உங்கள் துணையாள் பட்டையோடு அரைமணி காத்திருந்தார் என்றாள். காய்ச்சல் என்று ஜெசிந்தா பொய் சொன்னாள்.

அன்று முழுவதும் அவள் திரும்பத் திரும்பக் குளித்தாள். உடம்பில் எங்கே தேய்த்தாலும் அந்த மூச்சு போகவில்லை. தூங்கியது அவன் தயவு, தாழ்ப்பாள் போட்டது அவன் தயவு, ஏற்றிய மெழுகுவத்தியும் அவனுக்கு! பையைக் கத்தியால் கிழிக்கலாம் என்று எடுத்தாள். அப்போது அடியில் இருந்த திருகு விரலில் பட்டது.

மறுநாள் ஏழு மணிக்குப் பை உப்பியது. ஜெசிந்தா திருகைக் கடைசிவரை திருப்பினாள். பிறகு, நாலு மாதமாகப் பாடுபட்டு எந்த இடத்தை விட்டு வெளியே வந்தாளோ, அந்த இடத்துக்குத் தானாகவே திரும்பிப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடையில் அறுநூறு கிராம் இறால் குறைந்தது. குறைந்தால் கதவைப் பூட்டிவிட்டு மறு எடை போடுவது கம்பெனி வழக்கம், எவளாவது மடியில் கட்டியிருப்பாள் என்று. சொர்ணவேல் வெளியே போய்ச் சாவியைத் திருப்பினார், சட்டையின் இடது பையில் போட்டார். அப்போதுதான் மேலே குழாய் சீறியது. கண்ணில் மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. ஜெசிந்தா கண்ணாடியில் கையால் அறைந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை இடது பைக்குப் போனது. பிறகு அந்தக் கை கீழே இறங்கியது, அவர் ஓடினார். ஜெசிந்தா ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு சாக்கடைக் குழியை நோக்கித் தவழ்ந்தாள். அவளுக்குப் பின்னால் ராசாத்தி கத்திக்கொண்டிருந்தாள், பிறகு கத்தவில்லை.

இதையெல்லாம் ஜெசிந்தா நினைக்கவில்லை, சுவாசித்தாள். தொண்டை இறுகியது, விலா துடித்தது, அத்தனையும் முழுசாகப் பைக்குள் போனது. பை திணறியது. பிடிபட்ட கெளுத்தி மாதிரி மடியில் துள்ளியது. வாங்கு, வாங்கு என்று பல்லைக் கடித்தாள். அரைமணி முடிந்து தரையில் கிடந்தபோது வாயில் ரத்தம் கரித்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு இனிப்பான ஒன்றை அவள் ருசித்ததில்லை.

ஒன்பது நாள் இப்படிக் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணின் சாவை எடுத்துக்கொண்டாள். திங்கள் பாக்கியம், செவ்வாய் அருள்மேரி என்று கணக்காக. சோறு இறங்கவில்லை. மறுபடியும் குளியலறைக் கதவு திறந்தது, மிக்கேல் மறுபடியும் முதுகைக் காட்டி நின்றான். என்ன ஆச்சு என்று அவன் கேட்டதற்கு, கோர்ட்டில் பேசப் பயிற்சி எடுக்கிறேன் என்றாள். வழக்கு விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பத்தாம் நாள் ஷாஜிதா வீட்டுக்கே வந்தாள். கையில் இருந்த திரையில் கோடுகள் கோணல்மாணலாக ஓடின. பையைப் புரட்டித் திருகைப் பார்த்தாள், ஜெசிந்தாவின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"ஏன்க்கா?"

ஜெசிந்தா சொன்னாள். மீன்கடைத் தராசில் தொடங்கி, படியில் கழற்றிய செருப்புவரை ஒன்று விடாமல் சொன்னாள். ஷாஜிதா முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெயரை அவள் பத்திரிகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள், அதே ஆளுக்கு வெறும் நம்பர் என்று நினைத்துத் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"அவனுக்குக் கொடுக்கணும்னு தோணிச்சு, கொடுத்தேன்," என்றாள் ஜெசிந்தா. "நாங்க குடிச்சத அவனும் ஒரு மடக்கு குடிக்கட்டும்ல்லா. ஒம்போது நாளா திணறுதான். பையில கை வச்சா தெரியுது."

ஷாஜிதா சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தது நன்றாகத் தெரிந்தது. கடைசியில் சட்டத்தை மீறித்தான் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பட்டையில ஒரு நாடா இருக்கு. சின்னப் பிள்ளை இழுத்தாலும் கழண்டுரும். முடியலைன்னா அந்த நிமிஷமே கழட்டணும்னு சொல்லித்தான் கட்டுவோம். ஒம்போது நாள்ல அவரு ஒருநாள்கூட இழுக்கல."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.

"தினமும் முடிச்சப்புறம் ரெண்டு வரி எழுதி வைப்பாங்க. நாலு மாசமா, தூக்கமே இல்லைன்னுதான் எழுதிட்டிருந்தாரு. இப்ப..." ஷாஜிதா திரையைத் தள்ளித் தள்ளி அந்த இடத்தை எடுத்தாள். "'யாரோ ஒரு ஜீவன் படுற பாட்டை நான் வாங்கிக்கிறேன். இப்பத்தான் மனசு லேசா இருக்கு. ராத்திரி நல்லாத் தூங்கினேன்.' இது ஆறாம் நாள்."

ஜெசிந்தா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மிக்கேல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். அடிக்கிற கை இங்கே வீங்கிக் கிடக்கிறது, அங்கே அடி வாங்குகிறவன் பாவத்தைக் கழித்துவிட்டுக் குறட்டை விடுகிறான்! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பாக்கியத்தின் சாவையும் அருள்மேரியின் சாவையும் அவள் தட்டில் வைத்து அவனுக்குப் பிரசாதமாகக் கொடுத்திருக்கிறாள்.

"மாடியில பட்டையக் கட்டிட்டு அழுவான்," என்றாள். "கோர்ட்டுல நின்னா சாவி இருளப்பண்ணன் கையிலன்னு சொல்லுவான். அப்படித்தான?"

ஷாஜிதா திரையை மூடினாள். இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும், மேலே எழுதிப் போட வேண்டும், வேறு மூச்சு தேட வேண்டும் என்று முறைகளை அடுக்கினாள். வேறு மூச்சு எதுவும் ஒட்டவில்லையே, பன்னிரண்டு நாளில் ஒட்டுமா என்று ஜெசிந்தா கேட்டாள். ஒட்டாது. அது இல்லாமல் கூண்டில் ஏறினால் விழுவேனா மாட்டேனா? விழுவீர்கள். விழுந்தால் அவன் வெளியே வருவானா மாட்டானா?

"இது வெளிய தெரிஞ்சா அவங்க வக்கீல் உங்க சாட்சியையே உடைச்சிருவாரு," என்றாள் ஷாஜிதா. "என் வேலையும் போகும். அது கிடக்கட்டும். நாளைக்கு எந்த நோயாளி என்னை நம்பி அந்தப் பைய மடியில வைப்பா?"

"தெரியும்மா. இருந்தாலும் கேக்குதேன், அந்த மூச்ச இன்னும் பன்னெண்டு நாளு விட்டு வையிங்க."

ஷாஜிதா எழுந்தாள். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தாள், பத்தில் ஒரு பங்கு. வாசல்வரை போய் நின்றாள்.

"காய்ச்சல் விட்டாச்சு. விசாரணைக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. ஒழுங்கா உட்காருங்க. வேற எதுவும் எங்கிட்ட நீங்க சொல்லல."

அன்றுமுதல் ஜெசிந்தா உட்கார்ந்த விதமே வேறு. அவனுடைய மூச்சை மருந்தாக வாங்கவில்லை, பறித்தாள். ஒரு துளி மிச்சமில்லாமல் உறிஞ்சிக்கொண்டாள், திருப்பி நிம்மதியை மட்டும் அனுப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு, நெடியில்லாத காற்றாக, மாதாகோயில் முற்றத்தில் அடிக்கிற உப்புக்காற்றாக நினைத்து நினைத்து விட்டாள். வலியை நினைத்தால் அவனுக்கு மோட்சம், அதனால் வலியை நினைக்கவே கூடாது என்று வைராக்கியம் பிடித்தாள். எந்தக் குருவும் எந்தச் சீடனுக்கும் இப்படியொரு காரணத்தைச் சொல்லித் தியானம் கற்பித்திருக்க மாட்டார், ஆனால் வேலை செய்தது. நாலாம் நாள் நினைவில் அந்தக் கதவின் கண்ணாடிவரை போய் மூச்சு முட்டாமல் திரும்பினாள். ஏழாம் நாள் இடது சட்டைப் பையைப் பார்த்தாள். பத்தாம் நாள் அவன் கை பைக்குப் போய் இறங்குவதை, சாளை மீனைச் செதில் போக உரசுகிற நிதானத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் சொர்ணவேலுக்கு என்ன ஆனதென்று பை சொன்னது. மூச்சு அலைந்தது. எதையோ தேடுவது போல நின்று நின்று வந்தது. அடி வாங்கிப் பழகிய முதுகு, அடி நின்றதும் அரிக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை கிடைத்த ருசி முன்னதைவிட நிதானமாக இருந்தது.

விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் மின்விசிறி சத்தம் போட்டது. சொர்ணவேல் எதிர்க்கூண்டில் வெள்ளைச் சட்டையில் நின்றார். ஜெசிந்தா சத்தியம் செய்துவிட்டுத் தொடங்கினாள். அரசு வக்கீலுக்கே நம்பிக்கையில்லை, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டிருந்தார். அறுநூறு கிராம் குறைந்ததைச் சொன்னாள். கதவைச் சொன்னாள். சாவியை, இடது பையை, திரும்பிப் பார்த்த முகத்தை, பைக்குப் போய் இறங்கிய கையைச் சொன்னாள். இருளப்பனுக்குச் சாவி கிடையாது, இருந்திருந்தால் கடப்பாரை எதற்கு என்றும் கேட்டாள். குரல் ஓரிடத்தில்கூட நடுங்கவில்லை. பாட்டிலை அரசு வக்கீலே குடித்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இரண்டு தடவை மயங்கி விழுந்தவள் இன்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்கிறாள், யாரோ தயார் செய்திருக்கிறார்கள் என்றார்.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்ன பேசணும்னு யாரும் சொல்லித் தரல ஐயா, அது எங்கிட்டயே கிடக்கு. பேசுததுக்கு மூச்சுதான் இல்லாம இருந்துச்சு. ஒருத்தர் தினமும் காலைல ஏழு மணிக்கு உக்காந்து எனக்கு மூச்சு கொடுத்தாவ. அவிய பேரு எனக்குச் சொல்லப்படாதுன்னு சட்டம். நம்பர் மட்டும் தெரியும், அறுபத்தொண்ணு."

சொன்னவள் நீதிபதியைப் பார்க்கவில்லை. எதிர்க்கூண்டையே பார்த்தாள். சொர்ணவேல் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல மார்புக்குப் போய், பட்டை கட்டுகிற இடத்தைத் தொட்டது. எந்தச் சாட்சியை விழவைக்க வக்கீலுக்குப் பணம் கொடுத்தாரோ, அந்தச் சாட்சிக்கு ஐந்து மாதமாக விடியற்காலையில் எழுந்து போய் உயிர் ஊட்டியிருக்கிறார். கூண்டுக் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். அரசு வக்கீலின் பாட்டில் காலியாக இருந்தது.

ஒன்பது வருஷம் தீர்ப்பானது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்று ஊர் சொன்னது. இருளப்பன் பெஞ்சாதி தீர்ப்பு நகலை வாங்கி, புருஷன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஷாஜிதா ஒரு தாளோடு வந்தாள். சிறையிலிருந்து அறுபத்தொன்றாம் நம்பர் விண்ணப்பம் போட்டிருந்தார். மூச்சு கொடுப்பதைத் தொடர வேண்டுமாம், அதே நோயாளிக்கே கொடுக்க வேண்டுமாம். திருகை முழுசாகத் திறந்து வைக்கும்படி கெஞ்சிக் கேட்டிருந்தார். அந்த ஒன்பது நாள் வந்ததுபோல வரட்டும், எவ்வளவானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை உண்மைதான் எழுதியிருக்கிறார் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அதனால் ஒன்றும் மாறவில்லை.

"எனக்கு வேண்டாம். எனக்கு எம் மூச்சே போதும்."

"அப்ப ரத்து பண்ணிரட்டா?"

ஜெசிந்தா யோசித்தாள். கம்பெனியில் பிழைத்த பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவர்கள் எல்லோரும் நாலு வருஷம் அதே தராசில் நின்றவர்கள், எல்லோருக்கும் பொருத்தம் ஒன்பதுக்குக் குறையாது. அந்தத் திருகை முழுசாக மூடினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஷாஜிதா விளக்கினாள். அந்தப் பக்கத்துக்கு எதுவும் போகாது. ஆளில்லாத அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும், எதிரில் ஆள் உண்டா இல்லையா, யாருக்காவது சுகமானதா, எதுவும் தெரியாது. இந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் குணமாகும், ஆனால் குணமாகும். மூச்சு கொடுப்பவர்கள் அதைத் தாங்க மாட்டார்கள், நாலு நாளில் ஓடிவிடுவார்கள்.

"இவரு ஓட முடியாதுல்லா," என்றாள் ஜெசிந்தா. "மூடிருங்க."

தெரிந்தே கொடுப்பதானால் வாங்குகிறவர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றாள் ஷாஜிதா, இனி ஒருத்திக்கும் மறைக்க மாட்டேன், அதற்காக வேலை போனாலும் போகட்டும். அது நியாயம்தான், நானே போய்ச் சொல்கிறேன் என்று பையைக் கையில் வாங்கிக்கொண்டாள் ஜெசிந்தா.

ராசாத்தி வீடு உப்பளத்துக்குப் போகிற ரோட்டில். அன்று கத்திக் கத்தி எரிந்த தொண்டையில் அவளுக்குக் காற்றளவு குரல்தான் மிச்சம். வீட்டில் ஒரு கதவும் கிடையாது, எல்லாவற்றையும் கழற்றிப் பின்னால் சாத்தி வைத்திருந்தாள். ஜெசிந்தா எதையும் மறைக்காமல் சொன்னாள், இது யார் மூச்சு, எங்கிருந்து வரும், திரும்ப என்ன போகாது என்பது வரைக்கும். வேண்டாமென்றால் இப்போதே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். ராசாத்தி பையை வெறித்துப் பார்த்தாள். அந்த ஆளே வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் அவள் பார்வை இருந்தது.

"ஏட்டி ஜெசி," என்றாள். "அவனுக்கு லீவு உண்டா?"

"கிடையாது."

"ஞாயித்துக்கிழமை?"

"அதுவும் கிடையாது. ஒம்போது வருசம்."

ராசாத்தி சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தாள். பிறகு மடியைத் தட்டிக் காட்டினாள்.